கொடி பிடித்து நடந்தவர்கள்

இத்தாலி தேசத்து மிலான் நகரில் இரவு எட்டு மணி ஆகும்போது வன்னிப் பெருநிலத்துப் புளியங்குளத்தில் நள்ளிரவு கடந்து அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. 2026 பெப்ரவரி 6ஆம் திகதி, நூறாண்டை எட்டவிருந்த சான் சீரோ மைதானத்தில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளின் ஆரம்ப வைபவம் தொடங்கிய வேளையில், எங்கள் ஊரில் ஏ9 வீதியால் ஓடும் பாரவூர்திகளையும் யாழ்ப்பாணத்து இரவுப் பேருந்துகளையும் தவிர வேறு அசைவு இல்லை. நெடுங்கேணிப் பக்கம் வீதி பிரியும் சந்தியில் கடைகள் பூட்டிக் கிடந்தன. காலபோக நெல் முற்றி அறுவடைக்கு நின்ற வயல்களில், யானை வெடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பரணில் காவலிருந்தவர்களுடைய ரோச் வெளிச்சம் இடைக்கிடை எழுந்து மறைந்தது. அத்தகைய நடுநிசியில், உறைபனியைக் கண்ணாற் கண்டிராத ஓர் ஊரில், ஒரு குடும்பம் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடியிருந்து பனிநாட்டு வைபவமொன்றைப் பார்த்ததென்றால், அதற்குத் தகுந்த காரணம் இருந்திருக்க வேண்டும். அந்தக் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்களோடு இருந்து பார்த்த ஆச்சிக்குப் பேரப்பிள்ளைகள் ஒஸ்லோவில் இருக்கிறார்கள். பாட்டும் கூத்தும் நடந்த நேரமெல்லாம் பாயிற் சாய்ந்திருந்தவர், தேசங்களின் அணிவகுப்புத் தொடங்கியதும் எழுந்து உட்கார்ந்தார். பெரிய நாடுகளின் வீரர்கள் கூட்டம் கூட்டமாய் வந்து போனபின், எங்கோ வெப்ப தேசத்தைச் சேர்ந்த ஒருவர் தனியராய்க் கொடியேந்தி வந்தார்.

“தம்பி, உந்தப் பிள்ளை ஒராளாய் வருகுது. கூட வந்த சனம் எங்கை?”

“ஆச்சி, அந்த நாட்டிலையிருந்து வந்தது அவர் ஒருத்தர்தான்.”

“அப்ப அவர் வடிவாய் நடக்கவேணும்” என்றார் ஆச்சி. அதன்பின் அவர் பாயிற் சாயவில்லை.

ஆரம்ப வைபவம் என்பது இரண்டு பாகங்களால் ஆனது என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். விழாவை நடத்தும் தேசம் தன் கலையையும் செல்வத்தையும் உலகத்தாருக்குக் காட்டும் நாட்டியமும் சங்கீதமும் தீபாலங்காரமும் ஒரு பாகம்; இதற்கு விதியென்று பெரிதாக எதுவும் இல்லை, நடத்துவோரின் கற்பனையே விதி. மற்றது, ஒலிம்பிக் சாசனம் வரையறுத்து வைத்திருக்கும் சடங்கு. கிரேக்க தேசத்து அணி முதலில் நுழைய வேண்டும். விழா நடத்தும் நாட்டின் அணி கடைசியில் வர வேண்டும். இடையில் வருபவை பெரும்பாலும் அந்நாட்டு மொழியின் அகரவரிசைப்படி வரும். ஆகையினால் ஒரே தேசம் ஓரிடத்தில் முன்னும் இன்னோரிடத்திற் பின்னும் நடக்க நேரிடுகிறது. 2018இல் தென் கொரியாவின் பியொங்சாங் நகரில் கொரிய எழுத்துவரிசை பின்பற்றப்பட்டது. 2022இல் பெய்ஜிங் நகரில், சீன லிபிக்கு அகரவரிசை இல்லாதபடியால், தேசத்தின் பெயரிலுள்ள முதல் எழுத்தை எழுதுவதற்குத் தூரிகை எத்தனை கோடு இழுக்க வேண்டும் என்ற கணக்கைக் கொண்டு வரிசை அமைத்தார்கள். போட்டிகளைத் திறந்துவைக்கும் நாட்டுத் தலைவர் என்ன சொல்ல வேண்டும் என்பதும் சாசனத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தோடு அவர் நின்றுவிட வேண்டும். அரசியற் பிரசங்கத்துக்கு அங்கே இடமில்லை. ஒலிம்பிக் கொடி ஏறும்போது ஒலிக்கும் கீதம், 1896இல் ஏதென்ஸ் நகரத்து முதல் விழாவுக்காக ஸ்பிரிடோன் சமாராஸ் இசையமைக்க, கொஸ்திஸ் பலமாஸ் என்னும் கவிஞர் இயற்றியது. வீரர்களின் சார்பில் ஒருவர் செய்யும் பிரதிக்ஞை 1920இல் கோடை விழாவில் ஆரம்பமாகி, 1924இல் பிரான்ஸ் தேசத்துச் சமோனியில் 16 நாடுகள் கூடிய முதற் குளிர்கால விழாவுக்கும் வந்து சேர்ந்தது. கடைசியில் அக்கினி ஏற்றப்படுகிறது.

அந்த அக்கினியைப் பற்றி நின்று நிதானித்துச் சொல்ல வேண்டிய சரித்திரம் ஒன்று உண்டு. இக்காலத்தில் அது கிரேக்க தேசத்து ஒலிம்பியாவில் சூரிய கிரணத்தினின்றும் எடுக்கப்படுகிறது என்பதைப் பலரும் அறிவர். 1952இல் ஒஸ்லோ நகரம் விழா நடத்தியபோது நோர்வே மக்கள் அப்படிச் செய்யவில்லை. பனிச்சறுக்கு விளையாட்டை வளர்த்தெடுத்த சோன்ட்ரே நூர்ஹைம் என்பவர் பிறந்த மோர்கெடால் கிராமத்துச் சிறு மரவீட்டின் அடுப்பிலே தீ மூட்டி, அங்கிருந்தே தீப்பந்தத்தை எடுத்துச் சென்றார்கள். மூட்டியவர் ஓலாவ் பியோலான் என்னும் முதியவர். 1911இல் அமுண்ட்சென்னோடு தென் துருவத்தை முதன்முதல் அடைந்த ஐவருள் ஒருவர். பனிச்சறுக்கு வீரர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்த அந்தத் தீப்பந்தத்தை ஒஸ்லோ மைதானத்துள் கடைசியாக ஏந்தி வந்தவர் ஐகில் நான்சென். துருவப் பிரயாணியாகிய பிரித்யோஃப் நான்சென்னுடைய பேரன் அவர்.

பேரனை விட்டுப் பாட்டனிடம் ஒரு கணம் போவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்; வன்னியில் இருந்து எழுதுகிறவனுக்கு அந்தப் பெயரைக் கடந்து போவது கடினம். முதலாம் உலக மகாயுத்தத்துக்குப் பின் தேசமிழந்து, கடவுச்சீட்டு இல்லாமல் எல்லைகளில் தவித்த அகதிகளுக்காக ஒரு பிரயாணப் பத்திரத்தை ஏற்படுத்திக் கொடுத்தவர் பிரித்யோஃப் நான்சென். அதற்கு நான்சென் கடவுச்சீட்டு என்றே பெயர் வழங்கிற்று. 1922இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் தொடக்கி வைத்த பணியைத்தான் இன்று ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையகம் செய்துவருகிறது. யூ.என்.எச்.சீ.ஆர். என்ற எழுத்துக்கள் பொறித்த தறப்பாளின் கீழ் ஒரு மழைகாலத்தையேனும் கழித்திராத குடும்பத்தை எங்கள் பிரதேசத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். கிடுகு கிடைக்காத காலத்தில் அதுவே கூரையாயிற்று, அதுவே சுவராயிற்று, ஈற்றில் நெல் காயவிடும் பாயாகவும் ஆயிற்று. நான்சென்னுடைய தேசத்திலேதான் இன்று எங்கள் ஆச்சியின் பேரப்பிள்ளைகள் பனிச்சறுக்குப் பலகை பூட்டிப் பாடசாலை விளையாட்டுக்குப் போகிறார்கள்.

இனித் தொலைக்காட்சியைப் பற்றிச் சொல்லலாம். குளிர்கால ஒலிம்பிக் முதன்முதலாக நேரடியாக ஒளிபரப்பப்பட்டது 1956இல், இத்தாலி தேசத்துக் கோர்த்தினா மலைநகரத்திலே. அந்த வைபவத்திலே விளையாட்டு வீரர்களின் பிரதிக்ஞையை ஜூலியானா கெனால் மினுட்ஸோ என்னும் வீராங்கனை செய்தார். ஒலிம்பிக் சரித்திரத்தில் ஒரு பெண் அதைச் செய்தது அதுவே முதற்றடவை. தீப்பந்தத்தை ஏந்திய குவிதோ கரோலி பனித்தரையிற் சறுக்கியபடி மைதானத்தை வலம் வந்தார். புதிதாக வந்த தொலைக்காட்சிக்காரர் தங்கள் கம்பியொன்றை அந்தப் பனித்தரையின் மீது இழுத்து வைத்திருந்தார்கள். அதிற் கால் தடக்கிக் கரோலி கீழே விழுந்தார். ஆனால் தீ அணையவில்லை. எழுந்து போய் அதை ஏற்றினார். உலகம் வீட்டிலிருந்து பார்க்கத் தொடங்கிய முதல் நாளிலேயே, பார்ப்பதற்காக இழுத்த கம்பி, பார்க்கப்பட்டவரை விழுத்திவிட்டது. அதே கோர்த்தினா, எழுபது ஆண்டுகள் கழித்து மிலானோடு சேர்ந்து இம்முறை மீண்டும் விழா நடத்தியது. இரு நகரங்களிலும் இரண்டு அக்கினிகள் ஏற்றப்பட்டன.

அன்றைய கம்பி இன்று வானத்துச் செயற்கைக்கோளாக மாறியிருக்கிறது. 2001இல் நிறுவப்பட்ட ஒலிம்பிக் ஒளிபரப்புச் சேவை என்னும் அமைப்பு எல்லாக் காட்சிகளையும் தானே படம்பிடித்து, ஒரே ஒளிபரப்பை உலக முழுவதற்கும் அனுப்புகிறது. அந்தந்த நாட்டு நிலையங்கள் அதன்மேல் தத்தம் மொழியில் வர்ணனையைச் சேர்த்துக்கொள்கின்றன. எந்த இடத்தில் விளம்பரத்தைப் புகுத்துவது என்பதையும் அவையே தீர்மானிக்கின்றன. ஆகவே நாங்கள் காண்பது அங்கே நடந்தது முழுவதும் என்று கொள்ளலாகாது. 2014இல் ரஷ்யாவின் சோச்சி நகரில் ஐந்து பனிப்பூக்கள் விரிந்து ஒலிம்பிக் வளையங்களாக வேண்டியிருந்தது. நான்கு விரிந்தன, ஐந்தாவது விரியவில்லை. மைதானத்தில் இருந்தவர்கள் அந்தக் குறையைக் கண்டார்கள். ரஷ்யத் தொலைக்காட்சியோ உடனே ஒத்திகையின்போது எடுத்த படத்தை மாற்றிவிட்டபடியால், அந்நாட்டு மக்கள் ஐந்து வளையங்களையுமே கண்டார்கள். நிறைவு விழாவில் நடனக்காரர்கள் வேண்டுமென்றே நான்கு வளையங்களை விரித்து ஐந்தாவதைச் சிறிது நேரம் மூடி வைத்து அந்தப் பிழையை ஒப்புக்கொண்டது பாராட்டத்தக்கது. 2018இல் பியொங்சாங் வானத்தில் 1,218 டிரோன்கள் ஒளிப்புள்ளிகளாகப் பறந்து வளையங்களாகச் சேர்ந்ததை உலகம் வியந்து பார்த்தது. அது முன்னரே பதிவு செய்யப்பட்ட காட்சி. அன்றிரவு மைதானத்தின் மேல் அவை அவ்வாறு பறக்கவில்லை.

இவற்றை எடுத்துச் சொல்வது தொலைக்காட்சியைக் குறைகூறுவதற்காக அல்ல. அலங்காரக் காட்சியில் எதை நம்பலாம், எதை நம்ப முடியாது என்பதைத் தெரிந்துகொண்டால், நம்பத்தகுந்ததை இன்னும் சிரத்தையோடு பார்க்கலாம். ஒத்திகைப் படத்தைக் கொண்டு மாற்ற முடியாதது அணிவகுப்பு ஒன்றே. அங்கே நடப்பவர் உண்மையாக நடக்கிறார். குளிரில் அவருடைய மூச்சு புகையாய் வெளிவருவது தெரிகிறது. கொடியைப் பிடித்த கை நடுங்கினால் அந்த நடுக்கமும் தெரிகிறது. என்னைக் கேட்டால், இரண்டு மூன்று மணி நேர வைபவத்தில் கண்விழித்துப் பார்க்க வேண்டிய பாகம் அதுதான் என்பேன்.

வெப்ப தேசத்தவர் பனி விளையாட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பாரத தேசத்தின் கதையைக் கொண்டு அதற்கு விடை சொல்லலாம். 1964இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் பாரதத்தின் சார்பில் முதன்முதலாகக் கலந்துகொண்டவர் போலந்து வம்சாவளியினரான ஜெரமி புஜாக்கோவ்ஸ்கி. அதற்கு நெடுங்காலத்துக்குப் பின், 1998இல் ஜப்பானின் நகானோவில், பதினாறு வயதுப் பையனொருவன் லூஜ் என்னும் விளையாட்டில் இறங்கினான். மல்லாந்து படுத்தபடி, கால்கள் முன்னே நீட்ட, சிறு சறுக்குவண்டியில் பனிக்கால்வாய் வழியே மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கும் பயங்கரமான விளையாட்டு அது. சிவ கேசவன் என்பது அவன் பெயர். தகப்பனார் கேரளத்தவர், தாயார் இத்தாலியர், வளர்ந்தது இமயமலைச் சாரலில். பனிக்கால்வாய் இல்லாத தேசத்தில், சறுக்குவண்டிக்குச் சில்லுப் பூட்டி, இமயத்து மலைப்பாதைகளில் லொறிகளுக்கும் ஆட்டு மந்தைகளுக்கும் ஊடாக இறங்கி இறங்கிப் பயின்றவர் அவர். 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் அவர் போட்டியிட்டார்.

அவருடைய ஐந்தாவது விழாதான் நெஞ்சை வருத்துவது. இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் நிர்வாகச் சீர்கேடு காரணமாக 2012 டிசெம்பரில் சர்வதேச ஒலிம்பிக் குழு அதனை இடைநிறுத்தி வைத்திருந்தது. அதனால் 2014 பெப்ரவரி 7ஆம் திகதி சோச்சி அணிவகுப்பில் கேசவனும் ஹிமான்ஷு தாக்கூரும் நதீம் இக்பாலும் தங்கள் தேசக் கொடியில்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ் நடக்க நேர்ந்தது. நான்கு நாட்களில் தடை நீங்கிற்று. ஆனால் அதற்குள் கேசவனுடைய போட்டி முடிந்துபோயிற்று. நூறு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொண்ட தேசத்தின் வீரர், காரியாலயத்தில் இருந்தவர்களின் குற்றத்துக்காகக் கொடியில்லாமல் நடந்த அந்தக் காட்சியைப் பார்த்தபோது, கொடி என்பது எவ்வளவு பாரமான பொருள், அது கையில் இல்லாதபோது பாரம் எவ்வளவு கூடிவிடுகிறது என்பது விளங்கிற்று.

2022இல் பெய்ஜிங்கில் பாரதத்தின் அணி முழுவதும் ஒரேயொருவர். காஷ்மீரத்தைச் சேர்ந்த ஆரிஃப் கான். அவர் கொடியேந்தி நடந்ததைத் தூரதர்ஷன் நேரடியாகக் காட்டவில்லை. கல்வான் பள்ளத்தாக்கு மோதலில் ஈடுபட்ட சீன இராணுவ அதிகாரியொருவர் தீப்பந்த ஓட்டத்தில் சேர்க்கப்பட்டதைக் கண்டித்து, ஆரம்ப விழாவையும் நிறைவு விழாவையும் ஒளிபரப்புவதில்லை என்று இந்தியா தீர்மானித்திருந்தது. அந்தக் கண்டனத்துக்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆயினும் மலைச்சரிவில் இளமை முழுவதையும் செலவிட்டு ஒரு மனிதர் தம் தேசத்துக்காக உலகத்தின் முன் தனியே நடக்கும் சில கணங்களை அவருடைய தேசத்தவர் பார்க்க முடியாமற் போனது எனக்கு இன்றும் மனத்தாங்கலாகவே இருக்கிறது.

இலங்கைக் கொடியோ, 1924இலிருந்து 2022 வரை நடந்த 24 குளிர்கால விழாக்களில் ஒன்றிலேனும் அணிவகுப்பில் வந்ததில்லை. கடல் நடுவிலுள்ள தொங்கா தீவிலிருந்து பீட்டா தௌஃபடோஃபுவா என்பவர் 2018இல் பியொங்சாங் குளிரில் மேற்சட்டையில்லாமல், எண்ணெய் பூசிய உடம்போடு கொடியேந்தி வந்தார்; மலேசியாவும் சிங்கப்பூரும் அவ்வாண்டிலேதான் முதன்முதலாக நடந்தன. உறைபனி இல்லை என்பது ஒரு நாட்டுக்கு முட்டுக்கட்டையாக இருந்த காலம் போய்விட்டது என்பதற்கு இவையே சான்று.

ஆனால் வன்னியில் இருக்கும் ஒருவனுக்கு இந்த வைபவத்தின் சரித்திரத்தில் மிகவும் நெருக்கமானது இவற்றுள் எதுவும் அல்ல. அது சரயேவோ நகரத்தின் கதை.

1984 பெப்ரவரி 8ஆம் திகதி, அன்றைய யூகோஸ்லாவியாவின் சரயேவோ நகரத்துக் கொஷேவோ மைதானத்தில் பதினான்காவது குளிர்கால ஒலிம்பிக் ஆரம்பமாயிற்று. சோஷலிச நாடொன்றில் குளிர்கால விழா நடந்தது அதுவே முதற்றடவை. சாண்ட்ரா துப்ராவ்சிச் என்னும் இளம் பனிநடன வீராங்கனை படியேறிப் போய் அக்கினியை ஏற்றினார். பள்ளிவாசலும் தேவாலயமும் யூதர் ஆலயமும் ஒரு நடைதூரத்துள் இருந்த அந்த மலைநகரத்தைத் தொலைக்காட்சி உலகத்துக்குக் காட்டிற்று. எங்கள் நாட்டில் அப்போது 1983 ஆடிக் கலவரம் முடிந்து ஏழு மாதம் ஆகவில்லை. தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கையிற் கிடைத்த மூட்டையோடு வந்த குடும்பங்கள் வவுனியா வடக்குக் காடுகளை வெட்டிக் குடியேறிக்கொண்டிருந்தன.

எட்டு ஆண்டுகள் சென்றன. 1992 ஏப்ரலில் சரயேவோ முற்றுகையிடப்பட்டது. அந்த முற்றுகை 1996 பெப்ரவரி வரை நீடித்தது. பனிச்சறுக்கு வண்டிகள் இறங்கிய திரெபெவிச் மலைச்சரிவுக் கால்வாய் பீரங்கி நிலையாயிற்று. அழகிய பனிநடனங்கள் நடந்த செத்ரா மண்டபம் குண்டுகளால் சிதைந்தது. அதன் ஆசனப் பலகைகள் சவப்பெட்டி செய்வதற்குப் போயின என்று சொல்வார்கள். ஆரம்ப விழா நடந்த கொஷேவோ மைதானத்தின் அயலிலிருந்த விளையாட்டு நிலம் மயானமாகிவிட்டது. இன்றும் அங்கே வெண்ணிற நடுகற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

1994 பெப்ரவரி 5ஆம் திகதி சரயேவோவின் மார்க்காலே சந்தையில் விழுந்த ஷெல் ஒன்று 68 பேரைக் கொன்றது. சரியாக ஒரு வாரத்தின் பின், பெப்ரவரி 12ஆம் திகதி, நோர்வேயின் லில்லஹாமரில் அவ்வாண்டுக் குளிர்கால விழா ஆரம்பமாயிற்று. பண்டைக் கிரேக்கர் போட்டிக் காலத்தில் யுத்தத்தை நிறுத்திவைத்த சம்பிரதாயத்தைப் பின்பற்றி, அந்த விழாவுக்காக ஐக்கிய நாடுகள் சபை 1993 ஒக்டோபரில் ஒலிம்பிக் போர்நிறுத்தத் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் சமராஞ்ச் ஆரம்ப வைபவத்தில் எழுந்து, பத்தாண்டுக்கு முன் விழா நடத்திய நகரத்தை நினைவுகூர்ந்து, ஆயுதங்களைக் கீழே போடும்படி வேண்டி, மௌன அஞ்சலி செலுத்தும்படி கேட்டுக்கொண்டார். பனிமலைச் சரிவிலே கூடியிருந்த பெருங்கூட்டம் எழுந்து நின்றது. அந்த விழாவிலே பொஸ்னியாவின் நால்வர் சறுக்குவண்டி அணியில் பொஸ்னிய முஸ்லிம்கள் இருவரும், குரோவேசியர் ஒருவரும், சேர்பியர் ஒருவரும் ஒன்றாக இருந்து இறங்கினார்கள். ஊரிலே இம்மூன்று இனத்தவரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த வேளை அது.

அந்த ஆண்டுகளில் எங்கள் பிரதேசத்தில் மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெயும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்போம். பெடல் சுழற்றுபவர் களைத்தால் செய்தி தேய்ந்து போகும். பக்கத்தில் நிற்பவர் உடனே கைமாற்றிக்கொள்வார். சரயேவோ என்ற பெயர் அப்படித்தான் எங்கள் செவியில் விழுந்தது. அந்நகரத்தவர் தண்ணீருக்கு வரிசையில் நின்றதையும், சந்தைக்குப் போனவர் திரும்பாததையும் நாங்கள் தூரதேசத்துச் செய்தியாகக் கேட்கவில்லை. 1997 மே மாதம் ஏ9 வீதியைத் திறப்பதற்கென்று ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது, புளியங்குளம் மாதக்கணக்கில் போர்க்களமாயிற்று. ஊர் முழுவதும் எழுந்து போனது. புகைவண்டி நிலையம் இருந்த இடத்தில் பற்றை வளர்ந்தது. 1990இல் நின்ற வடபகுதிப் புகைவண்டி 2013 செப்ரெம்பரிலேதான் மீண்டும் எங்கள் ஊரைத் தாண்டிக் கிளிநொச்சி வரை ஓடிற்று. விழா நடந்த இடம் மயானமாவது என்றால் என்ன என்பதை எங்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

லில்லஹாமர் நோர்வே தேசத்தில் இருப்பதும் எங்களுக்குத் தற்செயலாகத் தோன்றுவதில்லை. கோர்த்தினா விழா நடந்த அதே 1956இல்தான் யாழ்ப்பாணத்து அன்ரனி ராஜேந்திரம் நோர்வே போய்ச் சேர்ந்தார். நோர்வே மக்களின் உதவியோடு சீநோர் என்னும் நிறுவனத்தை யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளருக்காக உண்டாக்கியவர் அவர். அவர் காட்டிய வழியிற் போனவர்களும், யுத்தத்துக்கு அஞ்சிப் போனவர்களும் ஆர்ட்டிக் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளில், பகலிலும் சூரியன் எழாத மாரிகாலத்தில் வேலை செய்து இங்குள்ள குடும்பங்களைத் தாங்கினார்கள். 2002 பெப்ரவரியில், அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரத்தில் குளிர்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த நாட்களிலே, 22ஆம் திகதி, நோர்வேயின் அனுசரணையோடு இலங்கையில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அது நிலைக்கவில்லை, ஆயினும் அதனால் ஏ9 வீதி திறந்தது, வாகனங்கள் புளியங்குளத்தைத் தாண்டி ஓடின, வீடிருந்த இடத்தைத் தேடிச் சனங்கள் வந்தார்கள்.

2010 பெப்ரவரி 12ஆம் திகதி கனடாவின் வான்கூவரில் விழா ஆரம்பமானபோது இங்கே மறுநாட் காலை ஏழரை மணி. யுத்தம் முடிந்து பத்து மாதமாகவில்லை. வன்னிச் சனத்தில் பல்லாயிரவர் செட்டிக்குளத்து மெனிக் முகாமில் இன்னும் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அன்று பயிற்சியின்போது விபத்தில் இறந்த ஜோர்ஜிய லூஜ் வீரர் நோதார் குமரிதாஷ்விலிக்கு வயது 21. அவருடைய தோழர்கள் கொடியிற் கறுப்புத் துணி கட்டி, கையிற் கறுப்புப் பட்டியணிந்து அணிவகுப்பில் நடந்தார்கள். மைதானம் முழுவதும் எழுந்து நின்று அவர்களை வரவேற்றது. ஒரு மைந்தனின் மரணத்துக்கு உலகம் எழுந்து நிற்க முடியும் என்பதை முகாமில் இருந்தவர்கள் பார்க்கவில்லை. பின்னாளிற் கைத்தொலைபேசியில் அதைப் பார்த்த தாய்மாரை நான் அறிவேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை.

ஆதலால் இந்த நாட்டில் தமிழில் நிகழ்ச்சி வழங்கும் தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த குளிர்கால விழா 2030இல் பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் மலைகளில் நடக்க இருக்கிறது. அதற்கு முன், 2028 ஜூலையில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கோடை விழா வருகிறது. இரண்டினுடைய ஆரம்ப வைபவத்தையும் தமிழ் வர்ணனையோடு காட்டுங்கள். பாட்டையும் வாணவேடிக்கையையும் வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள். சிறிய தேசங்கள் நடந்து வரும் வேளையில் மட்டும் விளம்பரத்தைப் புகுத்தாதீர்கள். ஒருவராய் வருபவர் எந்தத் தேசத்தவர், அது எங்கே இருக்கிறது, அவர் எப்படிப் பயின்றார் என்பதைச் சொல்லக்கூடிய ஒருவரை வர்ணனைக்கு அமர்த்துங்கள். நம்முடைய பாடசாலைகளில் பூமிசாஸ்திரம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அந்தப் பதிவை மறுநாள் வகுப்பில் போட்டுக்காட்டி, தேசப்படத்தில் ஒவ்வொரு நாடாகப் பிள்ளைகளைக் கொண்டே தொடுவிக்கலாம். இத்தகைய காரியத்துக்குப் பெருஞ்செலவு இல்லை. மின்சாரம் இப்போது புளியங்குளத்திலும் இருக்கிறது.